விலாசம் பார்த்துக் கொடுத்த அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு. நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுத வேண்டும் என்று கேட்ட அண்ணன் மகன் ஸ்டீபன், கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தான். அவன் அப்பாவோடு நான் முப்பது நாற்பது வருடமாகப் போட்ட சண்டையை மட்டும் இதில் எழுதக் கூடாதாம். அந்தச் சண்டையை எடுத்துவிட்டால் எங்கள் இருவருக்கும் இடையில் மிஞ்சுவது நலம் விசாரிப்பு மட்டும்தான். ஆகவே அவன் பேச்சைக் கேட்காமல் எழுதுகிறேன். அண்ணன் இருந்திருந்தால், இவள் என்றைக்குச் சொன்ன பேச்சைக் கேட்டாள் என்றுதான் சொல்லியிருப்பார்.

மேற்கு மாம்பலத்தில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் அண்ணன் பிறந்தார். எட்டு வருடம் கழித்து அதே வீட்டில் நான் பிறந்தேன். அப்பா தியாகராய நகரில் தபால்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நால்வரும் நடந்தே சபைக்குப் போவோம். கோபுரம் இல்லாத, போதகர் என்று தனியாக ஒருவர் இல்லாத ஒரு கூடம் அது. நடுவில் ஒரு மேஜை, அதன்மேல் ஓர் அப்பமும் ஒரு பாத்திரமும், சுற்றிலும் பெஞ்சுகள். சகோதரர்கள் எழுந்து ஜெபிப்பார்கள். சகோதரிகள் முக்காடு போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார்கள். நான் சும்மா கேட்டுக்கொண்டிருக்கிற ரகம் இல்லை என்பது அண்ணனுக்கு அப்போதே தெரியும்.

அந்தக் கூடத்துச் சுவரில் ஒரு துணிப்படம் தொங்கும். உலகம் உண்டானது முதல் முடிவது வரை ஏழு வட்டங்கள். பழைய துணி நைந்துபோனபோது, பதினேழு வயது அண்ணன்தான் பெயின்ட் வாங்கிப் புதிதாக வரைந்து கொடுத்தார். இந்த மலரை வாங்குகிற வேளச்சேரி அக்கம்பக்கத்தாருக்கும் தபால் இலாகா நண்பர்களுக்கும் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னால்தான் அண்ணனைப் புரியும். கடவுள் மனிதரோடு நடந்துகொண்ட வரலாற்றை ஏழு காலங்களாகப் பிரிப்பது யுகப் பிரிவுப் போதனை. அதில் இஸ்ரவேல் என்கிற யூதர்கள் ஒரு ஜனம், திருச்சபை வேறொரு ஜனம். இஸ்ரவேலுக்குக் கொடுத்த வாக்குகள் இஸ்ரவேலுக்கே ஒருநாள் நிறைவேறும். நாம் அவற்றில் கைவைக்கக் கூடாது. நாம் இருப்பது ஆறாவது வட்டத்தில். அதன் ஓரத்தில் சிறிய அம்புக்குறி ஒன்று மேலே போகும். அதுதான் இரகசிய வருகை. ஆண்டவர் ஒரு நொடியில், உலகத்துக்குத் தெரியாமல் வந்து, தம்முடைய விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். மற்றவர்கள் கைவிடப்படுவார்கள். அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும், வைத்தவர் இருக்க மாட்டார்.

அந்த அம்புக்குறியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு வெறும் வீடு என்றாலே பயம். பள்ளிக்கூடம் விட்டு வந்தேன், கதவு திறந்து கிடக்கிறது, அம்மாவைக் காணோம். எல்லாரும் போய்விட்டார்கள், நான் மட்டும் அகப்பட்டுக்கொண்டேன் என்று வாசலில் உட்கார்ந்து அழுதேன். அம்மா எதிர்வீட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே அண்ணன் ஒரு சிலேட்டு வாங்கி வந்து கதவுக்குப் பின்னால் மாட்டினார். வெளியே போகிறவர் யாராக இருந்தாலும் எங்கே போகிறோம் என்று அதில் எழுதிவிட்டுத்தான் படி இறங்க வேண்டும். "ரேஷன் கடை", "பல் டாக்டர்" என்று எழுதிவைக்கிற அந்தப் பழக்கம் எங்கள் வீட்டில் ஜெபத்துக்கு அடுத்தபடி ஆகிவிட்டது. பின்னாளில் வேளச்சேரி வீட்டிலும் சிலேட்டு தொங்கியது. ஸ்டீபனின் மனைவி வந்த அன்றே அவள் கையில் சாக்பீஸைக் கொடுத்துவிட்டார்கள்.

அப்பா திடீரென்று போனபோது அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரியை நிறுத்திவிட்டு, கருணை அடிப்படையில் கிடைத்த தபால் இலாகா வேலையில் சேர்ந்தார். வரிசை வரிசையான மர அறைகளுக்கு முன்னால் நின்று கடிதங்களைப் பிரித்துப் போடுகிற வேலை. அம்மாவையும் என்னையும் அந்தச் சம்பளத்தில்தான் காப்பாற்றினார். என்னை பி.எட். வரை படிக்க வைத்தார். தனக்கு ஒரு கல்யாணம் என்று அவர் நினைத்தது என் கல்யாணத்துக்குப் பிறகுதான். இதையெல்லாம் அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதனால் நான் சொல்லிவிடுகிறேன்.

விலாசம் விஷயத்தில் அண்ணன் பிடிவாதக்காரர். ஒருமுறை ஒரு கடிதம் வந்தது, வெறுமனே "தையல்கார பாய், பச்சைக் கதவு வீடு" என்று எழுதி. மற்றவர்கள் அதை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அண்ணன் மூன்று நாள் வேலை முடிந்ததும் தெருத்தெருவாகச் சுற்றி, பச்சைக் கதவைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிட்டு வந்தார். அரைகுறை விலாசம் எழுதியவன் தப்புக்கு, கடிதத்தை வாங்க வேண்டியவன் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அதே மனிதர், தவறான வீட்டில் ஒரு கடிதம் போய் விழுந்தால் இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டார். வேதாகமத்தையும் அவர் அப்படித்தான் வாசித்தார். ஒரு வசனம் யாருக்கு எழுதப்பட்டது என்று பார்க்காமல் எடுத்துக்கொள்வது அவருக்கு அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிப்பது மாதிரி.

நான் அடையாறில் ஒரு பள்ளியில் தமிழாசிரியை ஆனேன். மந்தைவெளியிலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையிடம் அண்ணன் மூன்று கேள்வி கேட்டார். மனந்திரும்பியிருக்கிறாரா, ஞானஸ்நானம் ஆகிவிட்டதா, வரதட்சணை எதிர்பார்க்கிறாரா. முதல் இரண்டுக்கும் ஆமாம், மூன்றாவதற்கு இல்லை. அண்ணனுக்குப் பரம திருப்தி. ஞானஸ்நானம் எந்த வயதில் என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. எங்கள் சபையில் வேறு யாருக்கும் தோன்றியிருக்காது. வளர்ந்து, தானாக விசுவாசித்து, தண்ணீரில் முழுகி எடுப்பதைத் தவிர இன்னொன்று உண்டு என்பதையே அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. அழைப்பிதழ் அச்சாகி வந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மாப்பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆனபோது வயது மூன்று மாதம்.

சபையின் மூப்பர்கள் வீடு தேடி வந்து கல்யாணத்தை நிறுத்தச் சொன்னார்கள். அண்ணன் அழைப்பிதழை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தார். பிறகு, "சொல்லிட்டேங்கய்யா. சொன்னா சொன்னதுதான்" என்றார். அந்தக் கல்யாணத்துக்காக இரண்டு வருடம் சபையில் அவரைப் பேசவிடாமல் உட்கார வைத்தார்கள் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரியும். எதிராளி எப்படியிருந்தாலும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதற்குப் பெயர்தான் உடன்படிக்கை, நீங்களே அதில்தான் நிற்கிறீர்கள் என்று அவரைப் பின்னாளில் நான் பலமுறை சீண்டியிருக்கிறேன்.

உடன்படிக்கைப் போதனை என்பதுதான் என் கணவர் வீட்டாருடையது. முதல் மனிதன் விழுந்த நாளிலிருந்து கடவுள் மனிதரோடு செய்த கிருபையின் உடன்படிக்கை ஒன்றே ஒன்று. காலத்துக்குக் காலம் அதன் வெளி ஏற்பாடு மாறியிருக்கலாம், கொடுத்த வாக்கு மாறவில்லை. ஆபிரகாம் தொடங்கி மந்தைவெளி வரை விசுவாசிகள் எல்லாரும் ஒரே குடும்பம். அந்த வாக்கு பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கொடுக்கப்பட்டது. ஆகவே அன்று எட்டாம் நாள் குழந்தைக்கு விருத்தசேதனம், இன்று குழந்தைக்கு ஞானஸ்நானம். ஆண்டவர் வருவார், ஒரே தடவை, எல்லார் கண்ணும் காண. அதில் இரகசியம் ஒன்றுமில்லை. புருஷனுக்காக நான் மாறிவிட்டேன் என்று அண்ணன் சபையில் பேசிக்கொண்டார்கள். புருஷனுக்காகக் குழம்பில் புளியைக்கூட நான் குறைத்தது கிடையாது. இரண்டு வருடம் படித்து, எதிர்த்து வாதாடி, வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டு மாறினேன். இன்றைக்கும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

பிறகு ஷீபா பிறந்தாள். டவுன் சிண்ட்ரோம் என்றார் டாக்டர். என் மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கணவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆபீஸிலிருந்து நேராக வந்த அண்ணன்தான் குழந்தையைக் கையில் வாங்கி, முகம் அப்படியே நம் அம்மா என்றார். அன்றிலிருந்து அவளுக்கு மாமா என்றால் உயிர்.

ஆனால் மூன்றாம் மாதம் மயிலாப்பூரில் நான் சேர்ந்துவிட்ட என் கணவர் வீட்டுச் சபையில் ஷீபாவுக்கு ஞானஸ்நானம் வைத்தபோது தாய்மாமன் உள்ளே வரவில்லை. வராமலும் இருக்கவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, கேட்டுக்கு வெளியே இளநீர்க்காரனோடு பேசிக்கொண்டு நின்றார். ஆராதனை முடிந்து நாங்கள் வெளியே வந்ததும் குழந்தையை வாங்கி, தலையைத் தொட்டுப் பார்த்து, ஈரம் காய்ந்துவிட்டதா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏன் சிரிப்பு வரவில்லை என்று சொல்லிவிடுகிறேன். அண்ணனின் படத்தில் ஒவ்வொருவரும் தனித்தனியாக, தானே உணர்ந்து, தானே விசுவாசித்து, வாய்திறந்து அறிக்கை செய்து உள்ளே வர வேண்டும். ஷீபாவால் அது எந்தக் காலத்திலும் முடியுமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அண்ணனிடம் கேட்டால், ஆண்டவர் நீதியுள்ளவர், அவர் பார்த்துக்கொள்வார் என்பார். பார்த்துக்கொள்வார் என்பது எனக்குப் போதவில்லை. வாக்குக் கொடுத்திருக்கிறார், அதில் ஷீபாவும் உண்டு என்று என் அண்ணன் வாயால் கேட்க வேண்டும். நான் அவரோடு முப்பது வருடத்துக்கு மேல் மல்லுக்கு நின்றது இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். உலகத்தில் வேறு யார் சொல்லியிருந்தாலும் எனக்கு அது பெரிதில்லை.

நேராகக் கேட்கத் தைரியமில்லாமல் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கிறிஸ்தவ வீடுகளில் வருடப் பிறப்புக்கு வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். ஒரு வசனம் அச்சடித்த சின்ன அட்டை. அந்த வருடம் முழுக்க அது நமக்கு. நான் இஸ்ரவேலுக்குச் சொல்லப்பட்ட வசனமாகப் பார்த்துத் தேடி எடுத்து, அஞ்சலட்டையில் ஒட்டி அண்ணனுக்கு அனுப்பினேன். அதை அவர் நமக்கும் உரியது என்று வைத்துக்கொண்டால், ஷீபாவுக்கும் வாக்கு உண்டு என்று ஆகிவிடும். நாலாம் நாள் அதே அட்டை என் வீட்டுக்குத் திரும்பி வந்தது. சிவப்பு மசியில், அழகான கையெழுத்தில், "விலாசம் தவறு. அனுப்பியவருக்கே திருப்புக" என்று எழுதியிருந்தது. அடுத்த வருடமும் அனுப்பினேன். அதுவும் வந்தது. அப்படி ஆரம்பித்தது, ஒரு வருடம்கூட விட்டுப்போகவில்லை. பிஸ்கட் டப்பா நிறைய வைத்திருக்கிறேன்.

அட்டை திரும்பி வந்த கையோடு போனில் வாதம் நடக்கும். தகப்பன் பெயருக்கு வந்த கடிதத்தைப் பிள்ளை பிரித்தால் என்ன தப்பு என்று நான் கேட்பேன். தகப்பன் உயிரோடு இருக்கும்போது தப்புதான், இஸ்ரவேல் இன்னும் இருக்கிறதே என்பார் அவர். ஒரே மரத்தில் ஒட்டுப்போட்ட கிளைக்கு அதே வேரின் சாறுதானே என்பேன். சாறு ஒன்றுதான், கிளை வேறு என்பார். உங்கள் கட்டம் கட்டமான படத்தில் கடவுள் வீடு மாறிக்கொண்டே இருக்கிறார் என்பேன். நீங்கள் குழந்தைகளுக்குத் தண்ணீர் தெளித்துவிட்டு, அதோடு தண்ணீர் தெளித்து விட்டுவிடுகிறீர்கள் என்பார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஞானஸ்நானம் ஆகிவிட்டது, போதும் என்று பிள்ளைகளை விட்டுவிட்ட குடும்பங்கள் எங்கள் சபையில் உண்டு. அண்ணன் பக்கத்தார், ஆண்டவர் இன்றைக்கே வரலாம் என்று ஒவ்வொரு நாளும் கையைச் சுத்தமாக வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். வருகைக்குத் தேதி குறிக்கிறவனை மட்டும் அண்ணன் வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

ஷீபாவுக்குப் பதினெட்டு வயது இருக்கும்போது ஒரு ஞாயிறு அவள் மாமா வீட்டில் இருந்தாள். அண்ணியும் அண்ணனும் அவளைச் சபைக்கு அழைத்துப் போனார்கள். ஆண்டவரின் மரணத்தை நினைத்து, விசுவாச அறிக்கை செய்தவர்கள் மட்டும் பிட்டு உண்ணும் அப்பத் தட்டு கை மாறிக் கை மாறி வந்தது. ஷீபா கையை நீட்டினாள். அண்ணன் தட்டை அவளைத் தாண்டி அடுத்தவரிடம் கொடுத்தார். அந்த அமைதியில் எல்லாருக்கும் கேட்கும்படி அவள், "மாமா, எனக்கில்லையா?" என்றாள். அண்ணன் அவள் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாராம்.

அண்ணி சொல்லி இதைக் கேட்டதும் நான் பஸ் பிடித்துப் போய் அவரைக் கேட்கக் கூடாததெல்லாம் கேட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உங்க சபையில குடுத்துட்டீங்களாம்மா?" என்றார். கொடுக்கவில்லை. குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற எங்கள் ஆட்களும், அப்பம் என்று வந்தால் அறிக்கை செய்யட்டும் என்று அவளை நிறுத்தித்தான் வைத்திருந்தார்கள். அந்தக் கோபத்தைக் கொண்டுபோய் எங்கள் மூப்பர்களிடம் கொட்டினேன். ஒன்றரை வருடம் கூடிக்கூடிப் பேசி, கடைசியில் அவளிடமே இயேசு யார் என்று கேட்டார்கள். என்னோட ஆளு என்றாள் ஷீபா. அந்த ஞாயிறே கொடுத்துவிட்டார்கள். அண்ணனால் எங்கள் சபைக்கு நடந்த நன்மை அது. ஆனாலும் அவள் மாமாவிடம் கேட்ட கேள்வி அப்படியே நின்றது.

வேளச்சேரி மூழ்கிய அந்தப் பெருமழையில் ஷீபா மாமா வீட்டில்தான் இருந்தாள். தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியதும் மேல்வீட்டு ரஹீம் பாய் அண்ணன், அண்ணி, ஷீபா மூவரையும் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். மறுநாள் கடற்கரைப் பக்கத்திலிருந்து மீனவர்கள் படகோடு வந்தார்கள். ஷீபா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்க மாட்டேன் என்று கத்தினாள். படகுக்காரர், "இன்னாம்மா, பயந்துகினு கீறே? வா, குந்து, ஒண்ணியும் ஆவாது" என்று எவ்வளவோ சொல்லியும் அவள் அசையவில்லை. அண்ணன் முதலில் இறங்கி, படகில் நின்று கையை நீட்டினார். "ஷீபா, தண்ணியைத் தாண்டிப் போறப்போ நான் கூட இருப்பேன்னு ஆண்டவர் சொல்றாரும்மா. வா" என்றார். அவள் வந்தாள். படகு மேட்டுச் சாலையை எட்டும்வரை அவளை அதையே சொல்ல வைத்துக்கொண்டு வந்தாராம்.

வீடு காய்ந்ததும் நான் விட்டேனா? அந்த வசனம் யாருக்கு எழுதினது, யாக்கோபின் வம்சமான இஸ்ரவேலுக்குத்தானே, எந்த விலாசத்தில் கொடுத்தீர்கள் என்று மடக்கினேன். அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "வீட்டுக்காரங்க இல்லாதப்ப பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வர்றதும் உண்டும்மா" என்றார். இப்படித்தான். சிரிக்க வைத்துத் தப்பித்துவிடுவார்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் போன் வந்தது. எடுத்ததும் நலம் விசாரிக்காமல், ஷீபா வீட்டில் இருக்கிறாளா என்று கேட்டார். டிவி பார்க்கிறாள் என்றேன். அவளிடம் கொடு என்றார். ஷீபா போனை வாங்கி, மாமா சாப்பிட்டியா என்று கேட்டாள். இனிமேல்தான் என்று சொல்லி மாமா போனை வைத்துவிட்டார். வயதாகிறது, ஏதோ ஞாபகம் வந்து கூப்பிட்டிருக்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

போவதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் அண்ணனுக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரிந்தபோதே முற்றியிருந்தது. அவர் கலங்கவில்லை. ஒரே ஒரு ஏமாற்றம்தான். உயிரோடு எடுத்துக்கொள்ளப்படுவோம் என்று சின்ன வயதிலிருந்து நம்பியிருந்தவர், சாகப் போகிறோம் என்பதை ஒரு ஆச்சரியம் மாதிரி ஏற்றுக்கொண்டார். அந்த நம்பிக்கையில் கல்லறைக்கு இடம்கூட அவர் பார்த்து வைக்கவில்லை. அண்ணி எத்தனையோ தரம் கேட்டும், எதற்கு வீணாக என்று தட்டிக்கழித்துவிட்டார். கடைசியில் அப்பாவின் கல்லறையையே திறந்து அவரை வைக்க வேண்டியதாயிற்று. அப்பாவும் மகனும் ஒரே பீட்டில், ஒரே தபால் சுற்றில், சேர்ந்துவிட்டார்கள் என்று பழைய தபால்காரர் ஒருவர் சொன்னார்.

அந்த வருடப் பிறப்புக்கும் நான் அட்டை அனுப்பினேன். உன்னைப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், நீ எனக்குச் சொந்தம் என்று கடவுள் இஸ்ரவேலிடம் சொல்கிற வசனம். இந்தத் தடவை திரும்பி வராது என்று நினைத்தேன். வரக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். பத்து நாள் கழித்து வந்தது. சிவப்பு மசிதான். "விலாசம் தவறு" வரைக்கும்தான் எழுத முடிந்திருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். அந்த மாதக் கடைசியில் அண்ணன் போய்விட்டார். ஷீபாவுக்குப் பதில் சொல்லாமலே போய்விட்டார் என்ற வருத்தத்தோடுதான் நான் அவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றேன்.

அடக்கம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். அண்ணன் பொருட்களை ஒழுங்குபடுத்த அண்ணிக்குத் துணையாகப் போனேன். கதவுக்குப் பின்னால் சிலேட்டில் அண்ணன் கையெழுத்தில் "ஆஸ்பத்திரி" என்று இருந்தது. அண்ணி அதை அழிக்கவில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் அண்ணி அந்த மத்தியானத்தைப் பற்றிச் சொன்னார்.

அன்று குக்கரை அடுப்பில் வைத்துவிட்டு அண்ணி மொட்டைமாடிக்குப் போயிருக்கிறார். திடீரென்று தூறல், துணி காய்கிறது. மாடிக்குத்தானே என்று சிலேட்டில் எழுதவில்லை. பேங்குக்குப் போயிருந்த அண்ணன் திரும்பி வந்தார். கதவு திறந்து கிடக்கிறது. வாசலில் அண்ணியின் செருப்பு. குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. சிலேட்டில் ஒன்றும் இல்லை. எழுபது வயது மனிதர், வருகை நடந்துவிட்டது, நான் கைவிடப்பட்டேன் என்று நினைத்துவிட்டார். அண்ணி துணியோடு இறங்கி வந்தபோது போனைக் கையில் பிடித்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாராம்.

யாரிடம் பேசினீர்கள் என்று அண்ணி கேட்டார். ஷீபாவிடம் என்றார். சபை மூப்பர்கள் இத்தனை பேர் இருக்கும்போது ஷீபாவுக்கு ஏன் போன் செய்தீர்கள் என்று அண்ணி கேட்டதற்கு அண்ணன் சொன்ன பதிலை, அண்ணி சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவங்கெல்லாம் போயிருப்பாங்களா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்? ஆண்டவர் வந்திருந்தா ஷீபா கண்டிப்பா போயிருப்பா. அவ வீட்டுல இருந்தா, இன்னும் வரலன்னு அர்த்தம்."

இதைத் தங்கச்சியிடம் மட்டும் சொல்லாதே, அவள் என்னைச் சாகிறவரைக்கும் விடமாட்டாள் என்று அண்ணியிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். அண்ணி அந்த வாக்கை அவர் சாகிறவரைக்கும் காப்பாற்றிவிட்டார்.

என் பக்கம் ஜெயித்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். அண்ணன் தன் படத்திலிருந்து ஒரு வட்டத்தைக்கூட அழிக்கவில்லை. இரகசிய வருகையை நான் நம்பவில்லை, இனியும் நம்பப் போவதில்லை. ஆனால் அப்படி ஒன்று நடந்துவிட்டது என்று உயிர் பதறிய நேரத்தில், அது உண்மையா என்று பார்க்க என் அண்ணன் தொட்டுப் பார்த்தது என் மகளை. நான் இத்தனை வருடம் கேட்ட வார்த்தை அதுதான். அரைகுறை விலாசத்தை வைத்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கிறவர் அவர். ஷீபாவை எப்போதோ கண்டுபிடித்துவிட்டிருக்கிறார். எனக்குத்தான் சொல்லவில்லை.

கடைசி நாட்களில் அண்ணனை முகம் சுளிக்காமல் கவனித்த செவிலியர்களுக்கும், தண்ணீரிலும் துக்கத்திலும் கதவைத் திறந்துவைத்த ரஹீம் பாய் குடும்பத்தாருக்கும், பெயர்கூடச் சொல்லாமல் திரும்பிப் போன அந்தப் படகுக்காரர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. பெட்டியைச் சுமந்தது அண்ணனின் சபைச் சகோதரர்கள். கல்லறையில் பாடியது எங்கள் சபையார். இரண்டு கூட்டமும் ஒரே கட்டையில் பாடி நான் கேட்டது அன்றைக்குத்தான். பணி ஓய்வு பெற்ற தபால் ஊழியர்கள் மழையில் வரிசையாக நின்றார்கள். எல்லாருக்கும் நன்றி.

இந்த மலரின் அட்டையில் எந்த வசனம் போடுவது என்று ஸ்டீபன் கேட்டபோது, அப்போஸ்தலர் சபைக்கு எழுதிய நிருபத்திலிருந்து ஒன்றைப் போடச் சொன்னேன். விலாசம் சரியாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அண்ணன் திருப்பி அனுப்பிவிடுவார். அண்ணனிடமிருந்து கடைசியாகத் திரும்பி வந்த அட்டை என்னிடம் இருக்கிறது. அதில் அனுப்பியவருக்கே திருப்புக என்று அண்ணன் எழுதவில்லை. அதை இந்த மலரின் முதல் பிரதிக்குள் வைத்து, உறையில் என் பெயர் இல்லாமல் ஷீபாவின் பெயரையே போட்டு, எங்கள் வீட்டு விலாசம் எழுதி, வேளச்சேரியிலிருந்து தபாலில் போடும்படி அண்ணியிடம் சொல்லியிருக்கிறேன். முப்பத்துமூன்று வயதில் அவள் பெயருக்கு வருகிற முதல் தபால் அது. தபால்காரர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். ஷீபா என்னைத் திரும்பிப் பார்த்து, எனக்கா என்று கேட்பாள். உனக்குத்தான், மாமா அனுப்பியிருக்கிறார் என்பேன்.

தங்கை,
மந்தைவெளி